கருகாத சந்தனப் பொட்டு

"இன்னும் அஞ்சு நிமிஷம் இப்பிடியே கிடந்தனெண்டால், என்னையும் பழைய இரும்போடை சேர்த்து ஏத்த வேண்டியதுதான்," என்றது காரின் அடியிலிருந்து ஒரு குரல்.

குரலுக்கு உரியவர் இராஜசிங்கம். வயது ஐம்பத்தொன்பது. யாழ்ப்பாணத்தில் பஸ் திருத்தும் பட்டறையிலும், பின்னர் சூரிச்சில் இருபது ஆண்டுகள் உணவகச் சமையலறையிலும் வேலை பார்த்தவர். நான்கு ஆண்டுகளாகத் துப்பறிவாளர் ரிஷானியின் உதவியாளர். வாயை மூடிக்கொண்டு அவர் செய்து முடித்த வேலை இதுவரை ஒன்றும் இல்லை.

ரிஷானி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். பதினொரு மணிக்குப் பொலிசாரின் பாரவண்டி வந்து, சூரிச்சை அடுத்த ஷ்லீரனின் இந்த நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் நிற்கும் சாம்பல் நிறக் காரை ஏற்றிச் செல்லும். பிற்பகல் இரண்டு மணிக்குக் காரின் சொந்தக்காரன் ஜெரோசன் அரச வழக்குத்தொடுநரின் முன்னால் இருக்க வேண்டும். அங்கிருந்து அவன் வீட்டுக்குத் திரும்புவானா, தடுத்து வைக்கப்படுவானா என்பதை மாற்ற அவளிடம் எஞ்சியிருந்தவை இரண்டு மணி நேரமும் ஒரு காரும் மட்டுமே.

ஜெரோசன் தூணில் சாய்ந்து நின்றான். வயது இருபத்தேழு. பஸ் சாரதிப் பயிற்சியை முடித்து, முதலாம் திகதி வேலை தொடங்க இருந்தவன். அவனுடைய மனைவி சுகந்தி அவனுடைய சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். பிடியை விட்டால் அவனை யாரோ கொண்டுபோய்விடுவார்கள் என்பது போல.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ," என்றாள் ரிஷானி. "ஒழுங்காய், முதலிலை இருந்து."

ஜெரோசன் சொன்னான். மே மாதத்தில் இணையத்தில் மலிவாக ஒரு சைலன்சர் குழாய் வாங்கினான்; அசலின் விலையில் கால்வாசி. தானே பூட்டினான். கார் இடிபோல முழங்கியது. அயலவர் இருவர் பொலிசில் முறையிட்டனர். அந்தக் குழாயில் அனுமதி முத்திரை கிடையாது. மூன்று வாரங்களுக்கு முன்னர் வாகனப் பரிசோதனைக்கு அழைப்பு வந்தபோது, எல்லாப் பொடியன்களும் செய்வதையே அவனும் செய்தான்: வரதராசாவின் கராஜில் பழைய அசல் குழாயை மாட்டுவித்துக் காரைப் பரிசோதனையில் தேற்றினான். சத்தக் குழாயைக் கராஜிலேயே விட்டுவிட்டான்.

"அதுக்குப் பிறகு நான் அதைக் கண்ணாலையும் காணேல்லை, அக்கா. சத்தியமா."

ஆனால் பொலிசார் கண்டனர். கடந்த புதன்கிழமை அதிகாலை ஐந்து நாற்பதுக்கு, தொடருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தியில், அலுவலகத் துப்புரவு வேலைக்குச் சைக்கிளில் போன செல்வராணி என்ற பெண்ணை ஒரு கார் மோதித் தள்ளிவிட்டுத் தப்பிப்போனது. அவளுக்கு இடுப்பும் வலது காலும் முறிந்தன. மேல்மாடியிலிருந்து பார்த்த ஒருவருக்குத் தெரிந்தவை இரண்டு: சாம்பல் நிறச் சிறிய கார், காதைப் பிளக்கும் முழக்கம். பழைய முறைப்பாடுகளைப் புரட்டிய பொலிசார் வியாழன் மாலை இங்கே வந்து, காரின் அடியில் முத்திரையற்ற குழாயைக் கண்டு படம் எடுத்தனர். இலக்கத் தகடுகளையும் சாவியையும் கொண்டு சென்றனர். புதன் அதிகாலை ஜெரோசன் உறங்கிக்கொண்டிருந்ததைச் சொல்லச் சுகந்தியாலும் முடியாது. முதியோர் இல்லத்து வேலைக்காக அவள் ஐந்து மணிக்கே புறப்பட்டிருந்தாள்.

"கடைசியா எப்ப ஓடினீங்கள்?"

"அதுக்கு முந்தின ஞாயிறு. சேர்ச்சுக்கு. கிழமை நாளிலை ரயில்தான்."

"பிள்ளை," என்றது காரின் அடி. குரலில் கேலி குறைந்திருந்தது. "இந்தக் காருக்குப் பொட்டு வைச்சிருக்கினம்."

"எங்கை?"

"குழாயிலை. முன்னுக்கு, பூட்டுற இடத்துக்குக் கிட்ட. ஒண்டில்லை, ரெண்டு. ஒண்டு கருகிக் கறுத்துப்போச்சு. மற்றது நல்ல மஞ்சள். இப்பதான் கோயிலாலை வந்த மாதிரி."

ரிஷானி சுகந்தியின் பக்கம் திரும்பினாள். "வீட்டிலை ஆர் பொட்டு வைச்சது?"

"பொட்டோ? நாங்கள் வேதக்காரர், அக்கா. காரிலை தொங்கிறது செபமாலை."

"நான் கழட்டிக் குடுக்கேக்கை அது வெறுங்குழாய்," என்றான் ஜெரோசன்.

"மூண்டு கிழமை கராஜிலை இருந்து மதம் மாறிட்டுது," என்றார் இராஜசிங்கம்.

ரிஷானி மேலங்கியைக் கழற்றி மடித்துச் சுகந்தியிடம் கொடுத்தாள். செய்தித்தாளை விளிம்பு பொருந்த விரித்து, அதன்மேல் படுத்துக் காரின் அடியில் நகர்ந்தாள். இரண்டு பொட்டுகளும் குழாயின் பக்கவாட்டில், அடியிலிருந்து கண்ணுக்குத் தெரிந்தாலும் வண்டியைத் தூக்காமல் விரல் நுழையாத இடத்தில் இருந்தன. குழாயைக் கையில் வைத்திருந்தபோது இட்டவை. பூட்டிய பிறகு இட்டிருக்க முடியாது. அவள் தொடவில்லை.

"அண்ணை, ஓடேக்கை இந்த இடம் எவ்வளவு சுடும்?"

"தோசைக்கல்லு இதுக்குப் பிச்சை வாங்க வேணும்."

"சந்தனம் என்ன ஆகும்?"

"ரெண்டு நிமிஷத்திலை பழுப்பு. பத்து நிமிஷத்திலை கரி." இராஜசிங்கம் வாயைத் திறந்தபடியே நிறுத்தினார். "அட கடவுளே. இந்தக் குழாயை இதிலை பூட்டின பிறகு, இந்தக் கார் ஒருக்காலும் ஸ்ராட் பண்ணுப்படேல்லை!"

"ஓம்," என்றாள் ரிஷானி. "செல்வராணியை இடிச்சபோது இந்தக் குழாய் இந்தக் காரிலை இருந்திருந்தால், ரெண்டு பொட்டும் கருகியிருக்க வேணும். கருகினது ஒண்டுதான். அந்த ஒண்டு வேறை ஒரு காரிலை ஓடிக் கருகினது."

சுகந்தி சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டாள். ஜெரோசன் தூணைவிட்டு நிமிர்ந்தான். "அப்ப இப்பவே பொலிசுக்குச் சொல்லுவம்!"

"சொன்னால், இடிச்ச பிறகு நீங்களே பூட்டினீங்கள் எண்டுவினம்."

"இடிச்சவன் சத்தக் குழாயைக் கழட்டுவானோ, பூட்டுவானோ?" என்று கேட்டார் இராஜசிங்கம்.

"நல்ல கேள்வி, அண்ணை. ஆனால் வழக்குத்தொடுநருக்குக் கேள்வி போதாது, ஆள் வேணும்." அவள் வெளியே வந்து எழுந்தாள். "இந்தக் காரை ஆராவது பத்து நிமிஷம் ஓடவிட்டால், ரெண்டு பொட்டும் ஒரே நிறம். பிறகு நாங்கள் சொல்லுறது வெறுங்கதை. மற்றச் சாவி எங்கை?"

ஜெரோசனும் சுகந்தியும் ஒருவரையொருவர் பார்த்தனர்.

"வரதராசா அண்ணையிட்டை," என்றாள் சுகந்தி. "பரிசோதனைக்குக் குடுத்தது; திருப்பி வாங்கேல்லை. இந்தக் கதவுச் சாவியும் அதோடைதான். ஆனால் அக்கா, அவர் அப்பிடிப்பட்டவரில்லை. வெள்ளிக்கிழமை சாப்பாடு கொண்டுவந்து தந்தவர். எனக்காக அழுதவர்."

ஜெரோசனின் சட்டத்தரணி காலையில் அனுப்பிய கடித உறை ஒன்று ரிஷானியின் பையில் இருந்தது. அதைத் திறந்து, உள்ளே இருந்த ஒரு தாளைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தாள். பின்னர் மூடி வைத்தாள்.

"வாங்கோ, அண்ணை. கராஜுக்குப் போவம்."

*

வரதராசாவின் கராஜ் ஆறு நிமிட நடைத் தூரத்தில் இருந்தது. ஸ்பானர்கள் அளவுவாரியாகத் தொங்கின. தரையில் ஒரு துளி எண்ணெய் இல்லை. ஒழுங்கைக் கண்டால் மதிக்கும் ரிஷானியால் அந்த இடத்தை வெறுக்க முடியவில்லை. அது அவளுக்கே பிடிக்கவில்லை. சுவரில் பிள்ளையார் படம். அதன் கீழே ஒரு பித்தளைக் கிண்ணத்தில் குழைத்த சந்தனம்.

அறுபத்திரண்டு வயதான வரதராசா கையைத் துடைத்தபடி வந்தார். "வா பிள்ளை. ஜெரோசன்ரை அலுவலோ? நெஞ்சு வெடிக்குது எனக்கு."

"சந்தனம் வாசமா இருக்கு, அண்ணை," என்றார் இராஜசிங்கம்.

"நான் கையாலை பூட்டுற எந்தச் சாமானுக்கும் முதல் ஒரு பொட்டு. முப்பது வருஷப் பழக்கம்."

"பல்ப் மாத்தினாலுமோ?"

"பல்ப் சின்னன். சின்னப் பொட்டு."

ரிஷானி சிரிக்கவில்லை. "ஜெரோசன்ரை சத்தக் குழாய் இஞ்சையிருந்து எப்ப போனது?"

பதில் தயங்காமல் வந்தது. "விபத்துக்கு நாலு நாளைக்கு முன்னம், சனிக்கிழமை. பொடியன் காரோடை வந்தான். நான்தான் பூட்டிக் குடுத்தன். பரிசோதனை முடிஞ்சுது, இனிச் சத்தமாப் போவம் எண்டு சிரிச்சான். இப்ப பயத்திலை மாத்திச் சொல்லுறான் போலை. பாவம், நான் குற்றம் சொல்லமாட்டன்."

"ஓட்டிக்கொண்டோ போனவர்?"

"பின்னை? தலையிலை வைச்சுக்கொண்டோ போறது?"

முற்றத்தில் இன்னொரு சாம்பல் நிறக் கார் நின்றது. ஜெரோசனுடையதைப் போன்ற அதே வகை, அதே வயது. உடல் முழுவதும் பழசு. பின்னால் நீட்டிக்கொண்டிருந்த சைலன்சர் மட்டும் கண்ணாடிபோல மின்னியது.

"கிழவனுக்குப் புதுப் பல்லுக் கட்டியிருக்கினம்," என்றார் இராஜசிங்கம்.

"என்ரை கார்தான்," என்றார் வரதராசா. "பழைய சைலன்சர் உக்கி விழுந்திட்டுது. புதுசு வர மூண்டு கிழமை. வியாழக்கிழமைதான் வந்தது."

"அந்த மூண்டு கிழமையும்?"

"பஸ்."

ரிஷானி தலையை அசைத்தாள். வாசலை நோக்கி இரண்டு அடி வைத்தாள். பிறகு, மறந்ததை நினைத்துக்கொண்டவள்போலத் திரும்பினாள்.

"ஒண்டுதான் எனக்கு விளங்கேல்லை, அண்ணை. சனிக்கிழமை பூட்டி ஓடின குழாயிலை உங்கட பொட்டு இன்னும் நல்ல மஞ்சளாக் கிடக்கு. ஓடியிருந்தால் கருகியிருக்க வேணும். பதினொரு மணிக்குப் பொலிஸ் வந்து காரை ஏத்தும். அவையே பாக்கட்டும். அதுவரைக்கும் நாங்கள் போய் ஒரு கோப்பி குடிக்கப் போறம்."

வரதராசாவின் கையில் துணி அசையாமல் நின்றது. "பொட்டோ," என்றார். "ஈரமா இருந்திருக்கும், பிள்ளை."

"இருக்கும்," என்றாள் ரிஷானி.

தெருவுக்கு வந்ததும் இராஜசிங்கம் வெடித்தார். "உனக்கென்ன பிள்ளை, விசரோ? கருவாட்டைக் கையிலை வைச்சுக்கொண்டு, பூனைக்கு விலாசமும் சொல்லி, வீட்டிலை ஆள் இல்லாத நேரமும் சொல்லிப்போட்டு வாறாய்! அவரிட்டைச் சாவி கிடக்கு!"

"தெரியும்."

"பொட்டு கருகினால் அவர் சொன்ன சனிக்கிழமைக் கதை உண்மையாயிடும்!"

"அதுவும் தெரியும். கெதியா நடவுங்கோ, அண்ணை." ரிஷானி கைபேசியை எடுத்து, நடந்தபடியே ஜெர்மன் மொழியில் இரண்டே வாக்கியங்கள் பேசினாள்.

*

பத்து மணி முப்பத்தைந்து. தரிப்பிடத்தின் தானியங்கி விளக்குகள் அணைந்திருந்தன. காரிலிருந்து நான்கு தூண்கள் தள்ளி, சேமிப்பறைகளின் கம்பிக் கதவுகளுக்குப் பின்னால், ரிஷானியும் இராஜசிங்கமும் ஜெரோசனும் நின்றனர். சுகந்தியை மேலே வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தாள்.

"அக்கா," என்று கிசுகிசுத்தான் ஜெரோசன். "நான் காருக்குப் பக்கத்திலை போய் நிக்கிறன். எனக்கிருக்கிற ஒரே சாட்சி அந்தப் பொட்டு."

"அசையக் கூடாது. என்ன நடந்தாலும்."

பத்து நாற்பத்தொன்று. கதவுச் சாவி திரும்பியது. விளக்குகள் எரிந்தன. வரதராசா வேலை உடுப்போடு உள்ளே வந்தார், சுற்றிலும் பார்த்தார், நேரே காருக்குப் போனார். கதவு திறந்தது. மூடியது.

ஜெரோசன் முன்னே பாய்ந்தான். ரிஷானி அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். மெலிந்த கைதான், ஆனால் அவன் நின்றுவிட்டான்.

இயந்திரம் முழங்கியது.

மூடிய கொங்கிறீற்றுக்குள் அந்தச் சத்தம் சுவரிலிருந்து சுவருக்கு மோதித் திரும்பியது. கம்பிக் கதவுகள் நடுங்கின. வரதராசா வேகமிதியை மேலும் அழுத்தினார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடங்கள். சந்தனம் பழுப்பாகும் நேரம். ஜெரோசனின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. அவனுக்கு அது தெரியவில்லை. இராஜசிங்கம் ரிஷானியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடங்கள். எட்டு. பத்து.

முழக்கம் நின்றது. அமைதி காதில் வலித்தது. வரதராசா இறங்கி, நிலத்தில் முழங்காலூன்றி, குழாயின் பக்கவாட்டில் கைவிளக்கின் ஒளியைச் செலுத்திக் குனிந்து பார்த்தார். நீண்ட மூச்சு ஒன்று விட்டார்.

"கருகிட்டுதோ, அண்ணை?" என்று கேட்டாள் ரிஷானி.

கைவிளக்கு உருண்டு ஓடியது.

"பிள்ளை... வண்டியிலை ஏத்த வேணுமே. பற்றரி இறங்கியிருக்கும் எண்டு... உதவியாத்தான்..."

"நல்ல உதவி." ரிஷானி கடித உறையிலிருந்து ஒரு படத்தை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். "இது வியாழக்கிழமை மாலை பொலிஸ் எடுத்த படம். அடியிலிருந்து, முழு வெளிச்சத்திலை. திகதியும் நேரமும் கீழே இருக்கு. இந்தப் பக்கத்திலை தெரியிறது என்ன நிறம்?"

வரதராசா பார்த்தார். மஞ்சள்.

"அவையள் முத்திரையைத் தேடிப் படம் எடுத்தவை, பொட்டைப் பாக்கேல்லை. குழாயிலை இருந்த பொட்டு எனக்குத் தேவைப்படேல்லை, அண்ணை. அது ஏற்கெனவே வழக்குக் கோப்பிலை பத்திரமா இருக்கு. எனக்குத் தேவைப்பட்டது, அதைக் கருக்க ஓடிவாற ஆள். அது மஞ்சளாக் கிடக்கெண்டு வெளியாக்களிலை ஒருத்தருக்குத்தான் சொன்னன்."

மின்தூக்கிக் கதவுக்குப் பின்னாலிருந்து சீருடையில் ஒரு பெண் வந்தார். பொலிஸ் அதிகாரி கெல்லர். ரிஷானி தொலைபேசியில் அழைத்ததால் பத்தரை மணி முதல் அங்கே நின்றவர். இன்னமும் ஒரு காதைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இராஜசிங்கம் தலையைச் சொறிந்தார். "நாலு வருஷமா உன்னோடை வேலை செய்யிறன். என்னட்டையாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தால் உங்களுக்குத் தெருவிலை அவ்வளவு கோபம் வந்திராது. அவர் வாசலிலை நிண்டு அந்தக் கோபத்தைப் பாத்துத்தான் நம்பினவர்."

வரதராசா காரின் பக்கவாட்டில் சாய்ந்து, மெல்ல நிலத்தில் உட்கார்ந்தார். பொய் சொல்லும் வலு அவரிடமிருந்து போயிருந்தது.

"என்ரை சைலன்சர் விழுந்திட்டுது. புதுசு வரேல்லை. பொடியன்ரை குழாய் சும்மா கிடந்தது. ஒரே அளவு. ரெண்டு கிழமைக்குத்தானே எண்டு பூட்டினன்."

"பொட்டு வைச்சு," என்றாள் ரிஷானி. "அதுதான் கருகின பொட்டு. புதன்கிழமை விபத்துக்குப் பிறகு, பொலிஸ் வாறதுக்கு முன்னம் இஞ்சை வந்து அதை இவரின்ரை காருக்கு மாத்தினீங்கள். அப்பவும் ஒரு பொட்டு."

"களவு வேலைக்கும் பொட்டோ, அண்ணை?" என்றார் இராஜசிங்கம். வழமையாகச் சிரிப்புக்குரிய அந்தக் கேள்வியில் சிரிப்பு இல்லை.

"கை தன்பாட்டிலை போட்டுது," என்றார் வரதராசா. "வைச்சதே எனக்கு நினைவில்லை."

அதுவரை ஒதுங்கி நின்ற ஜெரோசன் வாய் திறந்தான். "சுகந்திக்குச் சாப்பாடு கொண்டுவந்து தந்தீங்களே."

வரதராசா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதிகாரி கெல்லர் சற்றுத் தள்ளி நின்று தொலைபேசியில் வழக்குத்தொடுநருடன் பேசினார். பின்னர் ஜெரோசனிடம் வந்து, இரண்டு மணிக்கு அவன் வரத் தேவையில்லை என்றும், அனுமதியில்லாத குழாய்க்கு மட்டும் ஓர் அபராதக் கடிதம் வீட்டுக்கு வரும் என்றும் சொன்னார். ஜெரோசன் இரண்டு முறை நன்றி சொன்னான். பிறகு படிக்கட்டில் ஓடினான். மேலே எங்கேயோ ஒரு கதவு திறந்து, சுகந்தியின் அழுகை கேட்டது.

ரிஷானி வரதராசாவின் முன்னால் குனிந்தாள். "ஒண்டு மட்டும் கேக்கவேணும். இடிச்ச உடனை நிப்பாட்டினீங்களோ?"

"நிப்பாட்டினன். கதவையும் திறந்தன், பிள்ளை. ஒரு கால் வெளியிலை வைச்சிட்டன்."

"பிறகு?"

வரதராசா உள்ளங்கைகளைப் பார்த்தார். "'ஐயோ அம்மா, என்ரை கால்' எண்டு கத்தினவ. தமிழிலை."

இராஜசிங்கத்தின் வாயும் அடைத்துப்போயிற்று.

"வேறை ஆக்கள் எண்டால் இறங்கியிருப்பன். ஆம்புலன்ஸுக்கும் அடிச்சிருப்பன். தமிழ் ஆள் எண்டால் என்னை ஆரெண்டு தெரிஞ்சிடும். கோயிலிலை, கடையிலை, எல்லா இடமும்... கதவைச் சாத்திப்போட்டு எடுத்தன்."

அதிகாரி குறிப்பேட்டைத் திறந்தார். வரதராசா என்ன சொன்னார் என்று ரிஷானியிடம் ஜெர்மன் மொழியில் கேட்டார்.

"பிள்ளை," என்று வரதராசா அவளுடைய கையைப் பிடித்தார். "குழாய்க் கதை முழுக்கச் சொல்லு. இடிச்சது நான்தான் எண்டு சொல்லு. அந்தக் கடைசிக் கதையை மட்டும் விட்டிடு."

ரிஷானி தன் கையை விடுவித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். அந்தக் கடைசிக் கதையிலிருந்தே மொழிபெயர்க்கத் தொடங்கினாள்.